வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது: பிள்ளைகளுக்கு எந்த விளக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது?

திருகோணமலையில் வாலிபப் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு எடுக்கும் எங்களுக்கு இப்போது ஒரு விஷயத்தில் முடிவு வேண்டும். அடுத்த தவணையில் வரப்போகும் பாடம் வேதாகமத்தைப் பற்றியது. அது தேவனுடைய வார்த்தை என்று ஞாயிறுதோறும் ஆலயத்தில் சொல்கிறோம். எப்படித் தேவனுடைய வார்த்தையாயிற்று என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? வகுப்பில் மெதடிஸ்த, அங்கிலிக்கன் பிள்ளைகள் இருக்கிறார்கள். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு விளக்கம் வேறு. ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் பாடம் நடத்தினால், கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மழுப்பல்தான் பதிலாகக் கிடைக்கும். அதனால் முன்னாலிருக்கும் விளக்கங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கவும் போவதில்லை.

இந்த ஊரில் இந்தக் கேள்வி புத்தகத்துக்குள் மட்டும் கிடக்கும் கேள்வியல்ல. எங்கள் பிள்ளைகள் வகுப்பறையில் முஸ்லிம் பிள்ளைகளோடும் சைவப் பிள்ளைகளோடும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். குர்ஆன் ஜிப்ரீல் என்ற வானவர் வழியாக, ஏறக்குறைய 23 ஆண்டுகளில், சொல்லுக்குச் சொல் இறைவனிடமிருந்து நபிகளுக்கு அருளப்பட்டது என்பது முஸ்லிம்களின் விசுவாசம். சைவர்களோ இந்த ஊர்ச் சிவனான கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை வெறும் கவிதையாகப் பார்ப்பதில்லை. ‘எனதுரை தனதுரையாக’ என்று சம்பந்தரே வேறொரு பதிகத்தில் பாடியிருக்கிறார். என் பேச்சு அவன் பேச்சு என்று. இப்படி இரண்டு பக்கமும் தெளிவான பதில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நடுவில் எங்கள் பிள்ளையிடம் கேள்வி வருகிறது: “உங்கட வேதம் எப்படி வந்தது? இயேசுவின் ஒரே கதையை ஏன் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள்?” பகைமையோடு கேட்பதல்ல, அறிய ஆசைப்பட்டுக் கேட்பது. அதற்கு மரியாதையான, உண்மையான பதில் எங்கள் பிள்ளையிடம் இருக்க வேண்டும்.

முதலில், எல்லாச் சபைகளும் ஒத்துக்கொள்ளும் அடித்தளம். “வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்று பவுல் 2 தீமோத்தேயு 3:16-இல் எழுதுகிறார். தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள் என்று 2 பேதுரு 1:21 சொல்கிறது. முதல் வசனம் எழுத்தைப் பற்றியது, இரண்டாவது மனிதரைப் பற்றியது. ஏவியவர் ஆவியானவர், பேசியவர் மனிதர். இதை மறுக்கிற விளக்கம் எதுவும் எங்கள் பட்டியலில் இல்லை. வேறுபாடு எல்லாம், அந்த இரண்டு பேருடைய பங்கும் எப்படிச் சேர்ந்தது என்பதில்தான்.

பலருடைய மனதில் கேள்வியே இல்லாமல் இருக்கும் விளக்கம் முதலாவது. தேவன் சொல்லச் சொல்ல, எழுதியவர்கள் அப்படியே எழுதினார்கள் என்பது. இரண்டாம் நூற்றாண்டில் அத்தேனாகோரஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர், குழலூதுபவர் குழலை ஊதுவதுபோல ஆவியானவர் தீர்க்கதரிசிகளைப் பயன்படுத்தினார் என்று எழுதினார். அந்தப் படம் மனதில் நின்றுவிட்டது. இந்த எண்ணம் போகப் போக எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1675-இல் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தச் சபைகள் வெளியிட்ட விசுவாச அறிக்கை சாட்சி. எபிரேய மெய்யெழுத்துகளோடு இடப்பட்டிருக்கும் உயிர்க்குறிகளும் தேவ ஏவுதலின் பகுதியே என்று அதில் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிகளை இட்டவர்கள் கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த யூத வேதபாரகர்கள். இன்று இது அறிந்தவர்கள் எல்லோரும் ஏற்கும் வரலாறு.

இந்த விளக்கத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பகுதிகள் வேதத்திலேயே உண்டு. ஏழு சபைகளுக்கும் எழுது என்று யோவானுக்குக் கட்டளை வருகிறது. ஆனால் முழு வேதத்தையும் இந்த அச்சில் வார்க்க வேதமே இடம் கொடுப்பதில்லை. லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் வரிகளில், பலர் ஏற்கெனவே எழுத முயன்றதைச் சொல்லி, கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததைச் சொல்லி, தானும் ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகச் சொல்கிறார். ஆள் ஆளாகப் போய் விசாரித்த மனிதனின் பேச்சு அது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஸ்தேவானுடைய வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனோ அறியேன் என்கிறார். ஞாபகம் வரவில்லை அவருக்கு! தேவன் வரிக்கு வரி சொல்லிக்கொடுத்திருந்தால் ஞாபகமறதி எப்படி உள்ளே வந்தது? துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும், புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் எடுத்து வா என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறாரே, அதில் மாரிகாலத்துக்குமுன் போர்வை தேடும் ஒரு வயதான கைதி அல்லவா தெரிகிறார். இந்த மனிதரை அழித்துவிட்டுத்தான் வேதத்தைப் பரிசுத்தமாக்க முடியும் என்றால், அந்தப் பரிசுத்தம் எனக்கு விளங்கவில்லை. இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க நான் உடன்பட மாட்டேன்.

இரண்டாவது விளக்கம் வேறு தரத்தது. அதைக் கேலியாகத் தள்ளுவோர் பெரும்பாலும் அதைப் படித்ததில்லை. எழுதியவர்களின் குணம், நடை, படிப்பு எதையும் தேவன் அழிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் தெரிந்தெடுத்த சொல் ஒவ்வொன்றும் ஆவியானவர் விரும்பிய சொல்லாகவே அமைந்தது. ஆகவே வேதம் சொல்வது எதிலும் பிழையில்லை, சரித்திரத்திலும் இயற்கையைப் பற்றிய பேச்சிலும்கூட. பிரின்ஸ்டன் இறையியலாளர்கள் ஹாட்ஜும் வார்ஃபீல்டும் 1881-இல் இதற்குத் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். 1978-இல் சிகாகோவில் கூடி 200-க்கும் மேற்பட்ட சுவிசேஷகத் தலைவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை இதன் முழு வடிவம். எங்கள் ஊர்ச் சுயாதீன சபைகள் பலவற்றில் கேட்கும் போதனை, அந்த அறிக்கையின் பெயரைச் சொல்லாவிட்டாலும், இந்த வகைதான்.

இதன் பலம் பெரியது. வேதத்தைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு, இது நம்பத்தக்கது என்ற உறுதி கிடைக்கிறது. பிடிக்காத வசனத்தைத் தாண்டிப் போகும் சுகமான வழி அடைபடுகிறது. அந்த அறிக்கை நாம் நினைப்பதைவிட நிதானமானதும்கூட: முழு எண்ணாகச் சொல்வது, பார்வைக்குத் தெரிகிறபடி இயற்கையை வர்ணிப்பது போன்றவற்றைப் பிழை என்று அது கணக்கிடுவதில்லை. இந்தக் கொள்கையை அறிக்கையிடுவது இரட்சிப்புக்கு அவசியமான நிபந்தனை அல்ல என்றும், ஆனால் இதை விட்டால் விளைவு பாரதூரமானது என்றும் சேர்த்தே சொல்கிறது. நம் ஆட்கள் சிலர் இதைவிடக் கடுமையாகப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

சரி, சிக்கல் எங்கே? தாவீது ராஜா கதிரடிக்கும் களம் ஒன்றை வாங்கிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தையும் மாடுகளையும் 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான் என்கிறது 2 சாமுவேல் 24. 1 நாளாகமம் 21-இல் விலை 600 சேக்கல் பொன். முதலாவது களத்தின் விலை, இரண்டாவது சுற்றியுள்ள முழு நிலத்தின் விலை என்று இணைத்துச் சொல்வார்கள். அது நடந்திருக்கக்கூடியதுதான். அதே இரண்டு அதிகாரங்களில், ஜனத்தைத் தொகையிடும்படி தாவீதை ஏவியது யார் என்பதற்கு ஒன்று கர்த்தர் என்கிறது, மற்றது சாத்தான் என்கிறது. அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு நான்றுகொண்டு செத்தான் என்று மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள். கயிறு அறுந்து விழுந்தான் என்று அதற்கும் ஒரு இணைப்பு. ஒவ்வொரு இணைப்பையும் தனியாகப் பார்த்தால் ஒத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய வேண்டி வரும்போதுதான் வகுப்பின் முழு நேரமும் வேதத்தைக் காப்பாற்றுவதில் போய்விடுகிறது, அதைக் கேட்பதற்கு நேரம் மிஞ்சுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பிழையில்லை என்ற உறுதி, கண்டிப்பாகப் பார்த்தால், முதல் கையெழுத்துப் பிரதிகளுக்கே உரியது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. அந்தப் பிரதிகளில் ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. பிரதிகளும் மொழிபெயர்ப்புகளும் மூலத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றனவோ அவ்வளவுக்குத் தேவ வார்த்தை என்று அதற்குப் பதில் சொல்கிறார்கள். அது நேர்மையான பதில். ஆனால் உவர்மலையில் ஒரு அம்மம்மா விடியற்காலையில் திறந்து வைத்திருக்கும் தமிழ் வேதாகமத்துக்கு அந்த வரையறை எட்டத்தில் நிற்கிறது. அவருக்கு ஆறுதல் தருவது, எழுதப்பட்ட அன்று பிழையில்லாமல் இருந்தது என்பதா, இன்று வாசிக்கும்போது ஆவியானவர் இதன் வழியாகப் பேசுகிறார் என்பதா?

எனக்குள்ள பெரிய பயம் பிள்ளைகளைப் பற்றியது. ஓ.எல். படிக்கும் பிள்ளையின் கையில் போன் இருக்கிறது. யூதாசின் இரண்டு மரணங்களும் அதில் எப்படியும் வரும். ஒரு பிழை வந்தாலும் முழு வேதமும் போய்விடும் என்று நாங்கள் கட்டிக்கொடுத்திருந்தால், அந்த இரவில் அந்தப் பிள்ளையின் விசுவாசம் முழுவதும் ஒரு கயிற்றின் மேல் தொங்கும். அப்படிப்பட்ட பாரத்தை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது விளக்கம், 1965 நவம்பர் 18-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் இருப்பது. ஆதரவாக 2344 வாக்குகள், எதிராக 6. நான் மெதடிஸ்தன். ஆனாலும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனநிறைவு தந்தது இதுதான். கடவுள் மனிதரைத் தெரிந்துகொண்டார். அவர்களுடைய ஆற்றலையும் திறமையையும் பயன்படுத்த விட்டே தாம் விரும்பியதை எழுதச் செய்தார். அவர்கள் உண்மையான ஆசிரியர்கள். நம் மீட்புக்காகக் கடவுள் எழுத்தில் தர விரும்பிய உண்மையை வேதம் உறுதியாக, பிழையின்றிக் கற்பிக்கிறது. பாட்டைப் பாட்டாக, சரித்திரத்தைச் சரித்திரமாக, தீர்க்கதரிசனத்தைத் தீர்க்கதரிசனமாக வாசிக்க வேண்டும். எழுதியவர் தன் காலத்தின் முறைப்படி என்ன சொல்ல வந்தார் என்று தேட வேண்டும். தேவகுமாரன் நம்முடைய பலவீனமான மாம்சத்தை எடுத்ததுபோல, தேவ வார்த்தை மனித வார்த்தையின் வடிவை எடுத்தது என்றும் அது சொல்கிறது.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் என் மனம் நின்றது. கிறிஸ்து பசித்தார், களைத்தார், படகில் நித்திரைகொண்டார். அதனால் அவர் தேவகுமாரன் இல்லை என்று நாங்கள் சொல்வதில்லையே. வேதத்தில் பவுலின் மறதியும் மேலங்கியும் இருப்பது அதன் தெய்வத்தன்மைக்கு ஏன் குறைவாக வேண்டும்? கத்தோலிக்க வேதாகமத்திலுள்ள 2 மக்கபேயர் நூலின் கடைசியில் அதன் ஆசிரியர், நன்றாக எழுதியிருந்தால் அதுவே என் விருப்பம், சுமாராக இருந்தால் என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்கிறார். ஏவப்பட்டவர் பேசும் பேச்சு அது! எங்கள் சபையின் மூலக் கோட்பாடும் இதற்குத் தூரமில்லை. வெஸ்லி 1784-இல் மெதடிஸ்தருக்காகச் சுருக்கித் தந்த விசுவாசப் பிரமாணங்களும், அவற்றுக்கு மூலமான அங்கிலிக்கன் பிரமாணங்களும் வேதத்தைப் பற்றிச் சொல்வது, இரட்சிப்புக்குத் தேவையான யாவும் அதில் அடங்கியிருக்கின்றன என்பதே.

இதற்கு எதிரான கேள்வி நியாயமானது: மீட்புக்குரிய உண்மை எது, இல்லாதது எது என்று பிரிப்பது யார்? ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காததை இரட்சிப்புக்குச் சம்பந்தமில்லை என்று வெட்டிவிட மாட்டார்களா? யோயாக்கீம் ராஜா அதைத்தானே செய்தான். எரேமியா சொல்ல பாருக்கு எழுதிய சுருளை வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து அக்கினியில் போட்டான். நான் கொடுக்கும் பதில், இந்த விளக்கம் வேதத்தை இரண்டு குவியலாகப் பிரிக்கவில்லை என்பதுதான். முழு வேதமும் ஏவப்பட்டது. களத்தின் விலையும் அதில் சேர்ந்ததே. எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்தில் வைத்து முழுவதையும் வாசி என்கிறது. ஆனால் அந்த ஆபத்து இல்லையென்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

எந்த விளக்கத்தைப் பிடிக்கிறோம் என்பது துக்கவீட்டில்தான் வெளிப்படும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் ஆறுதல் சொல்லப் போனவர்கள் வசனம் சொல்லித் துக்கத்தைக் கூட்டினார்கள். குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ என்ற வசனம் யோபு 4:7-இல் இருக்கிறது. ஏவப்பட்ட வேதத்தின் வசனம்தான். ஆனால் அதைச் சொன்னவன், துன்பப்பட்ட யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதன் எலிப்பாஸ். அதே புத்தகத்தின் 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவனிடம், நீயும் உன் சிநேகிதரும் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்று கோபப்படுகிறார். வசனத்தைத் தனியாகப் பிடுங்கி, இது தேவனுடைய வார்த்தை என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் வைப்பவர், தேவன் கண்டித்த பேச்சைத் தேவனுடைய வாயில் வைக்கிறார். சிகாகோ அறிக்கையை ஏற்கும் தேர்ந்த போதகரும் இதைச் செய்ய மாட்டார். அவரும் யார் சொன்னது, எங்கே சொன்னது என்று பார்ப்பார். செய்வது, வரிக்கு வரி தேவன் சொன்னது என்ற அந்த முதல் விளக்கத்தில் வளர்ந்த மனம்தான். அதனால் யோபுவை எப்படி வாசிப்பது என்பதே இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமான பகுதி.

நாலாவது விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளருடையது. தேவனுடைய வார்த்தை கிறிஸ்துவே. வேதம் அவருக்குச் சாட்சி. தேவன் அதன் வழியாகப் பேசும்போது அது தேவ வார்த்தையாகிறது. இந்தச் சிந்தனையோடுதான் 1934-இல் பார்மன் நகரில், வேதம் சாட்சி கூறும் இயேசு கிறிஸ்துவே நாம் கேட்க வேண்டிய ஒரே தேவ வார்த்தை என்று நாஜி ஆட்சிக்குத் துதிபாடிய கிறிஸ்தவர்களுக்கு எதிராக அறிக்கை எழுதினார்கள். அந்தத் தைரியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வகுப்பில், எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே, அப்படியென்றால் இன்றைக்கு இது தேவ வார்த்தை இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்கும். வாசிப்பவரின் உணர்வைப் பொறுத்ததல்ல என்று பார்த் சொல்வதை விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். இதை ஆசிரியர்கள் படிக்கட்டும்.

புத்தக எண்ணிக்கை வேறு இருக்கிறது: கத்தோலிக்கருக்கு 73, எங்களுக்கு 66. பாலையூற்றிலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளை, அவர்கள் வேதாகமத்தில் மட்டும் உள்ள தோபித்து நூலின் கதையைச் சொன்னால், அது வேதத்தில் இல்லை என்று பக்கத்துப் பிள்ளை அடித்துச் சொல்ல விடக் கூடாது. பழைய ஏற்பாட்டின் பட்டியலில் சபைகள் வேறுபடுகின்றன, புதிய ஏற்பாட்டின் 27-லும் ஒன்றுபடுகிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

ஆகவே நான் மற்ற ஆசிரியர்களின் முன் வைக்கும் தெரிவு இது. மூன்றாவது விளக்கத்தை வகுப்பின் அடித்தளமாக எடுப்போம். இரண்டாவதை அதை நம்புகிறவர்களே ஏற்றுக்கொள்ளும் வடிவில், குறைக்காமல் சொல்லிக்கொடுப்போம். முடிந்தால் அந்தச் சபைகளின் போதகர் ஒருவரையே அழைத்துச் சொல்ல வைப்போம். முதல் வாரம் லூக்கா 1:1-4. பிறகு எரேமியா 36: சுருள் எரிந்தபின் கர்த்தர் திரும்ப எழுதச் சொன்னதையும், இரண்டாம் முறை இன்னும் அநேக வார்த்தைகள் சேர்க்கப்பட்டதையும் பிள்ளைகள் தாங்களே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும். அடுத்து களத்தின் விலையும் யூதாசின் மரணமும். போனில் பார்ப்பதற்கு முன் எங்களிடமிருந்து கேட்கட்டும். அதற்குப் பிறகு யோபு, அவசரமில்லாமல்.

முஸ்லிம் நண்பனின் கேள்விக்கு அந்தப் பிள்ளை இப்படிச் சொல்ல முடிந்தால் போதும்: “எங்கட வேதம் உங்கட குர்ஆன் வந்த மாதிரி வந்ததென்று நாங்கள் நம்பவில்லை. தேவன் பல மனிதரை ஏவி, அவரவர் பேச்சில் எழுத வைத்தார். நாலு பேர் எழுதினது அதனால்தான். வந்து வாசித்துப் பார்.”

பெந்தெகொஸ்தே வீட்டுப் பெற்றோர் சிலர் இதற்கு உடன்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பாடம் தொடங்குமுன் அவர்களைச் சந்தித்து, எதைச் சொல்லப்போகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். யூதாசைப் பற்றிய வகுப்பில் அவர்களும் வந்து இருக்கலாம், கேள்வி கேட்கலாம்.